எரியுற விறகுக்கு சுவிட்ச் கிடையாது

லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கு. குளிர்காலத்தில் இரவு மைனஸ் 20 டிகிரி வரைக்கும் போகலாம். ஆனா பகலில் வெயில் நல்லாவே அடிக்கும். அந்த மலைகளில் கரண்ட் லைன் எட்டாத ஒரு வீட்டை நினைச்சுக்கோங்க. பகலில் வெயில், ராத்திரி புகாரி எனப்படும் இரும்பு அடுப்பு. மரம் குறைவான ஊர் என்பதால் காய்ந்த சாணத்தையும் எரிப்பாங்க. வெயில், விறகு ரெண்டையும் ஒரே வெந்நீர் டேங்கில் சேர்த்தா என்ன?

முதல்ல கணக்கு. 200 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 11.6 யூனிட் வெப்பம் தேவை. ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறக்குறைய 4 யூனிட் இருக்கு. அதில் பாதி தண்ணீருக்குப் போகுதுன்னு வச்சா, கிட்டத்தட்ட 6 கிலோ விறகு வேணும். வெயிலே தண்ணீரை 40 டிகிரிக்கு ஏத்திட்டா, மிச்சத்துக்கு இரண்டரை கிலோ விறகுகூட ஆகாது.

டேங்கில் சூடான தண்ணீர் மேலே நிற்கும், குளிர்ந்தது கீழே தங்கும். சோலார் கலெக்டர் (மாவட்ட கலெக்டர் இல்லைங்க!) குளிர்ந்த தண்ணீரோடதான் நல்லா வேலை செய்யும். அதனால சோலார் காயில் கீழே, அடுப்பின் காயில் மேலே. சோலார் பைப்பில் உறையாம இருக்க கிளைக்கால் கலந்த தண்ணீர் ஓடும். ராத்திரி டேங்க் சூடு திரும்பி வெளியே போகாம தடுக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ்.

இனிதான் ஆபத்தான இடம். அடுப்புச் சூட்டை டேங்குக்குக் கொண்டுபோக ஒரு பம்ப் மட்டும் வச்சிருக்கோம்னு வைங்க. பனி ராத்திரியில் பேட்டரி தீர்ந்து பம்ப் நின்னுடுது. கலெக்டரையாவது தார்ப்பாய் போட்டு மூடலாம். அடுப்பில் எரியுற விறகை என்ன பண்ணுவீங்க? தண்ணீர் ஆவியானா சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு விரியும். எல்லாப் பக்கமும் மூடின பைப்பில் அது நடந்தா, அடுப்பே வெடிகுண்டுதான்.

இதுக்கான தீர்வுக்கு கரண்டே வேண்டாம். டேங்கை அடுப்பைவிட உயரத்தில் வச்சு, அகலமான பைப்பைத் தொடர்ந்து மேல்நோக்கிய சரிவில் போட்டா, சூடான தண்ணீர் லேசாகி தானாவே ஏறும், குளிர்ந்தது இறங்கும். இதுதான் தெர்மோசைஃபன். அடுப்பிலிருந்து மேலே திறந்த வென்ட் பைப் ஒண்ணு போகணும். நடுவில் எந்த வால்வும் கூடாது. அந்தப் பைப் பனியில் உறைஞ்சு அடைக்காம வீட்டுக்குள்ளேயே போகணும். டேங்க் நிரம்பச் சூடானா மிச்ச வெப்பத்தை வாங்க, இதே மாதிரி பம்ப் இல்லாம ஓடுற ஒரு ரேடியேட்டர். அது அறையையும் சூடாக்கும்.

பம்ப் வைக்கவே கூடாதுன்னு சொல்லலை. வேகத்துக்கு வைங்க, உயிரை அதை நம்பி வைக்காதீங்க. டிசைன் முடிச்சதும் ஒரே கேள்வி கேட்டுப் பாருங்க: "அடுப்பு முழுசா எரியுறப்ப கரண்ட் போனா என்ன ஆகும்?" பதில் "ஒண்ணும் ஆகாது"ன்னு வரணும். வரலைன்னா, தீக்குச்சியைத் தொடாதீங்க.