விறகு மிஷினை மாற்றியமைத்தால் லாபம் உண்டா?

"மிஷினைக் கழற்றிக் கொஞ்சம் வேலை பார்த்தால் விறகு இரண்டு மடங்கு வேகமாக அறுபடும்" என்று ஒர்க் ஷாப்பில் சொல்வதை நம்பலாமா என விறகுக்கடை அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நானும் செலவழித்துப் பார்த்தவன்தான்.

சைலன்சரைத் திறந்து விட்டு, சிலிண்டரில் புகை வெளியேறும் துவாரத்தையும் அகலப்படுத்தினார்கள். வேகம் கூடியது உண்மை. பெரிய புளியங்கட்டையில் ஒரு துண்டுக்கு நாலைந்து நொடி மிச்சம். கை தடிமனுள்ள சீமைக்கருவேலத்தில் வித்தியாசமே தெரியவில்லை. என் கடைக்கு வருவதோ பெரும்பாலும் கருவேலமும் சவுக்கும்தான். தவிர, ஆட்களுக்கு நேரம் போவது அறுப்பதில் அல்ல. கட்டையைப் புரட்டுவதிலும் பிளப்பதிலும் அடுக்குவதிலும்.

இரண்டாம் மாதமே பிஸ்டன் பிடித்துக்கொண்டது. சைலன்சரைத் திறந்தால் இன்ஜின் காற்றை அதிகம் இழுக்கும். அதற்கேற்பக் கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டி வைக்காவிட்டால் சூடேறிவிடும். அதை யாரும் கவனிக்கவில்லை. போதாக்குறைக்கு, தீப்பொறியைத் தடுக்கும் வலையையும் எடுத்திருந்தார்கள். காய்ந்த சிராய் கிடக்கும் கடையில் இது எத்தகைய விஷப்பரீட்சை! மிஷின் பிடித்தவருக்கு இரவெல்லாம் காது இரைந்ததாம்.

புது பிஸ்டன், சிலிண்டர் வாங்கிய பணத்துக்கு அரம் எத்தனையோ வாங்கியிருக்கலாம். கருவேலம் பட்டையில் மண்ணோடு வருவதால் செயின் சீக்கிரம் மழுங்கும். இப்போது பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் பல்லை அரத்தால் ராவச் சொல்லியிருக்கிறேன். மாவாக விழாமல் செதிலாக விழுந்தால் பல் சரியாக இருக்கிறது என்று பொருள். பழைய மாதிரி சைலன்சரையே மாட்டி, அதே மிஷினில்தான் இன்றும் வேலை நடக்கிறது.