தண்ணீரில் மூழ்கினாலும் சாகாத நெல்!

நெல்லுக்கு உயிர் தண்ணீர். அந்தத் தண்ணீரே அளவுக்கு மிஞ்சினால், அதுதான் நெல்லுக்கு எமன்!

நட்ட பயிர் ஒரு வாரத்துக்கு மேல் முழுக்க மூழ்கிக் கிடந்தால் அழுகிப் போகும். நாற்று விட்ட செலவு, நடவுக் கூலி, உரம் வாங்கிய பணம் எல்லாம் வெள்ளத்தோடு போய்விடும். வாங்கிய கடன் மட்டும் வீட்டில் தங்கும்.

ஆனால், இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மீண்டும் துளிர்த்து எழுகிற நெல் ஒன்று இருக்கிறது. அது எப்படிக் கிடைத்தது?

மழை மாறிவிட்டது

உலகம் சூடேறி வருகிறது. சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று பூமியின் சராசரி வெப்பம் 1 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"ஒரு டிகிரிதானே!" என்று நினைக்கலாம். காற்று 1 டிகிரி சூடானால், அது சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கிக் கொள்ளும். அந்த ஈரம் முழுவதும் என்றாவது ஒரு நாள் மழையாகக் கொட்டியே தீரும். பல நாட்கள் பரவலாகப் பெய்ய வேண்டிய மழை, ஓரிரு நாளில் அடித்துக் கொட்டுகிறது. பள்ளத்தில் இருக்கும் வயல்கள் ஏரியாகி விடுகின்றன.

மழையை மாற்ற உழவனால் முடியாது. விதையை மாற்றலாம் அல்லவா? விஞ்ஞானிகள் அந்த வழியில் இறங்கினார்கள்.

ஒடிசா கொடுத்த செல்வம்

அடிக்கடி வெள்ளம் வரும் மாநிலம் ஒடிசா. அங்கே பழைய நாட்டு நெல் ஒன்று வெள்ளத்தைத் தாங்கி நின்றது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகத்துக்கு 'எப்.ஆர். 13ஏ' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த நெல்லுக்கு உயிர் கெட்டி. ஆனால் விளைச்சல் குறைவு. அதிக விளைச்சல் தரும் ரகங்களோடு அதைக் கலந்து பார்த்தார்கள். பிறந்த புது நெல் வெள்ளத்தைத் தாங்கியது. ஆனால் விளைச்சலும் சோற்றின் ருசியும் சரியாக அமையவில்லை. உழவர்கள் அதை ஏற்கவில்லை.

மூச்சை அடக்கும் வித்தை

சாதாரண நெற்பயிர் தண்ணீரில் மூழ்கினால் என்ன செய்யும்? காற்றைத் தேடி அவசரமாக உயர்ந்து வளரும். உடலில் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிடும். வெள்ளம் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து விழும்.

ஒடிசா நெல் அப்படிச் செய்வதில்லை. வளர்ச்சியை அடக்கிக் கொண்டு பேசாமல் கிடக்கும். சத்தைச் சேமித்து வைக்கும். தண்ணீர் வடிந்த பிறகு, அந்தச் சேமிப்பைக் கொண்டு புது இலை விடும். கஷ்ட காலத்தில் செலவைச் சுருக்கும் குடும்பத்தைப் போல!

இந்தக் குணத்தைத் தரும் மரபணு எங்கே இருக்கிறது? கெனாங் ஷூ, டேவிட் மெக்கில் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் அதன் இருப்பிடத்தைக் கண்டறிந்தார்கள். அதற்கு 'சப்-1' என்று பெயர். பமீலா ரொனால்டும் சேர்ந்த குழு, 2006-ம் ஆண்டு அந்த மரபணுவையே அடையாளம் காட்டியது.

பிறகு வேலை சுலபமாயிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், உழவர்கள் விரும்பும் ஸ்வர்ணா நெல்லோடு இந்தக் குணத்தைச் சேர்த்தார்கள். மகரந்தம் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கும் பழைய முறைதான். ஆனால், எந்த நாற்றில் அந்த மரபணு வந்திருக்கிறது என்று சோதித்துப் பொறுக்கி எடுத்தார்கள். ஸ்வர்ணாவின் மற்றக் குணங்கள் கெடவில்லை. 'ஸ்வர்ணா சப்-1' பிறந்தது! 2009-ல் இந்திய உழவர்களுக்குக் கிடைத்தது.

128 கிராமங்களில் சோதனை

2011-ல் ஒடிசாவில் 128 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிக் கிராமங்களில் புது விதையைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு வெள்ளமும் வந்தது.

வயல் 10 நாள் மூழ்கிய இடங்களில், பழைய ஸ்வர்ணாவைவிடப் புது நெல் 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது! வெள்ளம் வராத வயலிலும் விளைச்சல் குறையவில்லை.

இன்னொரு உண்மையும் தெரிந்தது. அங்கே பட்டியல் சாதி உழவர்களின் நிலங்கள் பெரும்பாலும் பள்ளத்தில் இருந்தன. முதலில் மூழ்குவது அவர்கள் வயல்தான். ஆகவே இந்த விதையால் அதிகப் பலன் பெறக்கூடியவர்களும் அவர்களே.

அவசரம் கூடாது

வெள்ளம் வடிந்ததும் இந்தப் பயிரும் செத்தது போலத்தான் கிடக்கும். இலை அழுகி, சேறு படிந்து, பார்க்கவே வயிறு எரியும். "உழுது போட்டுவிடு" என்று அக்கம்பக்கத்தார் சொல்லக்கூடும். ஆனால் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்தால் அடியிலிருந்து குருத்து கிளம்பும்.

இதற்கும் எல்லை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் முழுக்க மூழ்கினால் பிழைப்பது கடினம். பூக்கும் பருவத்தில் மூழ்கினாலும் காப்பாற்ற முடியாது. கடல் நீர் புகுந்த வயலுக்கு வேறு விதை வேண்டும்.

காவிரிக் கரையில்

தமிழ்நாட்டு உழவர்கள் 'பொன்மணி' என்று அழைக்கும் சி.ஆர். 1009 நெல்லுக்கும் இந்தக் குணத்தைச் சேர்த்துவிட்டார்கள். சி.ஆர். 1009 சப்-1 என்ற அந்த நெல், காவிரிப் படுகையில் சம்பாப் பருவத்தில் பயிராகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயல் மூழ்கும் ஊர்களுக்கு அது ஒரு துணை.

விளைச்சல் குறைவு என்று ஒடிசாவின் நாட்டு நெல்லை ஒரேயடியாகக் கைவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த வித்தை உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கும். பிலிப்பைன்ஸ் நிலையத்தின் விதை வங்கியில் இன்று 1,30,000-க்கு மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிரில் பாதுகாக்கப்படுகின்றன.

வரப்போகும் வறட்சிக்கும் வெப்பத்துக்கும் மருந்து அவற்றில் ஒன்றில் இருக்கலாம். தாத்தா பாட்டி கட்டிக் காத்த விதைநெல், பேரப்பிள்ளைகளின் சோறு!