கூடாரத்துக்கு வெளியே யானை!

நள்ளிரவு நேரம். கூடாரத்துக்குள் இரண்டு பேர் படுத்து இருக்கிறார்கள். வெளியே மரக்கிளை ஒடிகிற சத்தம் கேட்கிறது. பிறகு எதையோ மென்று தின்கிற சத்தம்.

யானை!

அதற்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு கித்தான் துணிதான். கத்தக்கூடாது. எழுந்து ஓடவே கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். யானை தின்று முடித்து, வந்த வழியே போய்விடும். காலையில் பார்த்தால், கூடாரத்தைச் சுற்றி முறம் முறமாகக் கால் தடம்!

காசு கொடுத்து இப்படிப் பயப்படவும் ஆள் இருக்கிறார்கள்.

லாரிதான் வீடு

இந்தப் பயணத்துக்குப் பெயர், "சபாரி." சுவாகிலி மொழியில் "சபாரி" என்றால் பயணம் என்று பொருள். முன்பு வெள்ளைக்காரத் துரைகள் துப்பாக்கியோடு சபாரி போனார்கள். இப்போது இந்தப் பயணிகள் காமிராவோடு போகிறார்கள்.

தென் ஆப்பிரிக்காவில் உள்ள கேப்டவுன் நகரில் புறப்பட்டு, நமீபியா, போட்சுவானா நாடுகளைக் கடந்து, ஜிம்பாப்வேயில் உள்ள விக்டோரியா அருவிக்குப் போய்ச் சேரவேண்டும். ஏறக்குறைய மூன்று வாரப் பயணம். தூரம் 5 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல்.

வண்டி, பஸ் அல்ல, லாரி. அதன் மேல் இருக்கைகளும் ஜன்னல்களும் பொருத்தி இருக்கிறார்கள். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் அடுப்பு, பாத்திரம், அரிசி, காய்கறி எல்லாம் இருக்கும். 20 பேர் வரை ஏறுவார்கள். ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. ஆனாலும் இரண்டு பேருக்கு ஒரு கூடாரம்!

டிரைவரும் சமையல்காரரும் கூட வருவார்கள். ஆனால் சொகுசுக்கு இடம் இல்லை. கூடாரம் அடிப்பது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முறை வைத்துச் செய்யவேண்டும். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாதவர் இங்கே சட்டி தேய்ப்பார்.

கழுவிய தட்டைத் துணியால் துடைப்பது இல்லை. ஒருவருக்கு வயிற்றுக்கோளாறு என்றால், அந்தத் துணி வழியாக லாரி முழுவதும் பரவிவிடும் அல்லவா? ஆகவே தட்டைக் காற்றில் ஆட்டி ஆட்டி உலர்த்துகிறார்கள். பார்ப்பதற்கு, பறவைக் கூட்டம் பறக்கப் பழகுவது போல இருக்கும்.

செத்தும் நிற்கும் மரங்கள்

நமீபியாவில் சிவந்த மணல் மலைகள் இருக்கின்றன. சில, 300 மீட்டருக்கு மேல் உயரம். வெயில் ஏறுவதற்கு முன், விடியற்காலையில் ஏறிவிட வேண்டும். ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும்! அந்த மலைகளின் நடுவே ஒரு வறண்ட பள்ளம். பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு பட்டுப்போன மரங்கள் அங்கே கருகி நிற்கின்றன. மக்குவதற்குக்கூட ஈரம் இல்லை.

எட்டோசா காட்டில் பயம் குறைவு. தங்கும் இடத்துக்கு வேலி உண்டு. ஒக்கவாங்கோ பகுதியில்தான் வேலி கிடையாது.

ஒக்கவாங்கோ, விசித்திரமான ஆறு. அங்கோலாவில் பிறந்து, கடலுக்கே போகாமல் போட்சுவானாவின் மணலில் பரவி முடிந்துவிடுகிறது. அங்கோலாவில் பெய்த மழை, மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து வரும். போட்சுவானாவில் மழையே இல்லாத காலத்தில் வெள்ளம் வந்து சேரும். அந்தத் தண்ணீரைத் தேடி மிருகங்கள் வரும்.

பயணிகள் சிறு ஓடங்களில் ஏறித் தீவுகளுக்குப் போகிறார்கள். உள்ளூர்க்காரர் பின்னால் நின்று கழி ஊன்றித் தள்ளுவார். தீவில் குழிதான் கக்கூஸ்.

இரவில் கட்டுப்பாடு கடுமை. கூடாரத்துக்குள் பழம் வைத்திருக்கக் கூடாது. யானைக்கு மோப்பம் தெரிந்துவிடும். செருப்பை வெளியே விடக்கூடாது. கழுதைப்புலி தூக்கிப் போய்விடும். அவசரமாக வெளியே போகவேண்டுமா? முதலில் டார்ச் விளக்கைச் சுற்றிலும் அடிக்க வேண்டும். இருட்டில் இரண்டு கண்கள் மின்னினால், அவசரத்தை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்!

நீர்யானை இன்னும் மோசம். இரவில் கரையேறிப் புல் மேயும். அதற்கும் தண்ணீருக்கும் குறுக்கே நிற்பவர் பிழைப்பது கடினம்.

மிளகாய்ப் புகை

போட்சுவானாவில் ஒரு லட்சத்துக்கு மேல் யானைகள் உண்டு. வேறு எந்த நாட்டிலும் இத்தனை யானைகள் இல்லை. பயணிகளுக்கு யானை, மூன்று வார வேடிக்கை. அங்கே குடியிருக்கும் விவசாயிக்கோ, ஓர் ஆண்டுச் சாப்பாடு. கம்பும் சோளமும் விளைந்து நிற்கும்போது, யானைக்கூட்டம் ஓர் இரவில் தின்று மிதித்துவிடும். சில சமயம் உயிரும் போவது உண்டு.

அதற்கு அவர்கள் கையாளும் ஆயுதம், மிளகாய்! யானைச் சாணத்தில் மிளகாய்த்தூளைக் கலந்து, உலர்த்தி, வயல் ஓரத்தில் கொளுத்துகிறார்கள். அந்த நெடி யானையின் தும்பிக்கைக்கு ஆகாது. ஆனால் காற்று மாறி அடித்தால், தும்மல் விவசாயிக்குத்தான்.

கடைசியில் விக்டோரியா அருவி. அகலம் 1,708 மீட்டர். உயரம் 108 மீட்டர். 1855-ல் இதைக் கண்ட லிவிங்ஸ்டன், தன் நாட்டு ராணியின் பெயரைச் சூட்டினார். அந்த மண்ணின் மக்கள் "இடி முழங்கும் புகை" என்று முன்பே அழைத்து வந்தார்கள். அந்தப் பெயர்தான் பொருத்தம்.

அருவிச் சாரலில் நனைந்ததும் பயணிகள் கைகொடுத்துப் பிரிகிறார்கள். டிரைவர் லாரியைக் கழுவுகிறார். சமையல்காரர் காய்கறி வாங்கக் கடைக்குப் புறப்படுகிறார். அடுத்த கூட்டம் வந்துகொண்டு இருக்கிறது.