பட்டி வைக்கும் முன் போட்டோ எடுங்கள்

வடமதுரைப் பக்கம் நான்குவழிச் சாலையில், பின்னால் வந்த லோடு வண்டி காரை இடித்துவிடுகிறது. டிக்கி உள்ளே போய், பம்பர் தொங்குகிறது. கூட்டம் கூடி, யாரோ ஒரு பெரியவர் பஞ்சாயத்துப் பேசி ஐயாயிரம் வாங்கித் தருகிறார். கார்க்காரர் அதோடு நேரே தெரிந்த டிங்கரிங் பட்டறைக்குப் போகிறார். கழற்றிப் பார்த்தால் அடியில் சேசிஸ் வளைந்திருக்கிறது, எஸ்டிமேட் அறுபதாயிரம். அப்போதுதான் இன்சூரன்ஸ் ஞாபகம் வருகிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் இந்தக் கதையை ஆள் மாற்றி ஆள் கேட்டு அலுத்துவிட்டது.

காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்க்கும் முன் வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். பட்டறைக்காரர் தெரிந்தவராகவே இருக்கட்டும், மச்சானாகவே இருக்கட்டும்.

சம்பவ இடத்திலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். இரண்டு வண்டிகளின் நம்பர் பிளேட்டும் சாலையும் படத்தில் விழ வேண்டும். அன்றைக்கே நிறுவனத்தின் இலவச எண்ணில் சொல்லி, க்ளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் ஒழுகினால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அப்படி ஓட்டி எஞ்சின் சீஸ் ஆனால், அது விபத்துச் சேதமல்ல என்று தள்ளிவிடுவார்கள்.

யாருக்காவது காயம் என்றாலோ பிறர் சொத்து சேதமானாலோ காவல் நிலையம் போயே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு ஓட்டுநருக்கு 24 மணி நேரம்தான் கொடுக்கிறது. நிலையத்தில், "பேசி முடிச்சுக்கங்கப்பா" என்பார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கு குறையும். உங்களுக்கோ கையிலிருக்க வேண்டிய காகிதம் போய்விடும். எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ வாங்குங்கள். வழக்குப் பதிய மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் காகிதம்தான் முதல். அவர் வண்டிக்கு அவருடைய நிறுவனம் ஒரு பைசா தராது. தவறு எதிராளியுடையது என்றால், இடித்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வழியாகக் கேட்கலாம். கார், லாரி பாலிசிகளில் சொத்துச் சேதத்துக்கு வழக்கமான வரம்பு ஏழரை லட்சம். சட்டத்தில் உள்ள கெடு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். ரோட்டில் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த தாள், அங்கே உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

முழு பாலிசி இருந்தாலும் முழுப் பணம் வராது. மூன்றரை வருடக் கார் என்று வையுங்கள். பானெட் இருபதாயிரம் என்றால், இரும்புப் பாகத்துக்கு 25 சதவீதத் தேய்மானம், ஐயாயிரம் உங்கள் கையிலிருந்து. பம்பர் பன்னிரண்டாயிரம் என்றால், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம், ஆறாயிரம். கண்ணாடிக்குக் கழிவில்லை. இதற்கு மேல், 1500 சி.சி. வரையான காருக்குக் கட்டாயப் பிடித்தம் ஆயிரம். ஆகப் பன்னிரண்டாயிரம். 'பம்பர் டு பம்பர்' எனும் பாலிசி தேய்மானத்தைத்தான் தவிர்க்கும், பிடித்தத்தை அல்ல. சின்ன நசுங்கலுக்கு க்ளெய்ம் போட்டு, பல வருடம் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸை இழப்பதும் நட்டக் கணக்கே.

ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மோட்டார் க்ளெய்முக்கு உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயம். 2024-இல் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளின்படி 24 மணி நேரத்தில் அவரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும், அடுத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். நடைமுறையில் 'சார் வெளியூர்ல இருக்கார்' என்று இழுப்பார்கள். ஈமெயிலில் தேதி போட்டுக் கேளுங்கள். போனில் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. கழற்றிய பிறகு உள்ளே புதுச் சேதம் தெரிந்தால், வேலையை நிறுத்தி அவரைத் திரும்ப வரவழையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், அவர் பார்க்காமல் வெல்டிங் வைக்க விடாதீர்கள். வண்டியை ஓட்டிப் பார்க்காமல் திருப்திக் கடிதத்தில் கையெழுத்தும் போடாதீர்கள்.

க்ளெய்மை நிராகரித்தால், காரணத்தையும் சர்வே அறிக்கை நகலையும் எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தி இல்லையென்றாலும், சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு அனுப்பலாம். நிராகரித்து ஓராண்டுக்குள் அனுப்புங்கள். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம், வரம்பு 50 லட்சம்.

பழைய கார் வாங்கியவர்கள் தனியாகக் கேளுங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில், பாலிசி பழைய ஓனர் பெயரில் என்றால் சொந்தச் சேதத்துக்கான க்ளெய்ம் அநேகமாகப் போச்சு. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்றுங்கள். சொந்த போர்டு வண்டியைக் கொடைக்கானல் சவாரிக்கு வாடகைக்கு விடுபவர்களுக்கும் அதே கதிதான். விபத்தைச் சாக்காக வைத்து வேறு நிறம் அடித்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் நிறத்தை மாற்றியாக வேண்டும்.

பட்டறை வேலை மோசமென்றால் குறைதீர்ப்பாளரிடம் போய்ப் பயனில்லை. அதற்குத் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கெடு இரண்டு ஆண்டு, கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915-க்குப் போன் செய்தும் பார்க்கலாம். ஆனால் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வரி மிச்சம் என்று துண்டுச்சீட்டில் கணக்கு முடித்தவர், அந்தப் பட்டறையில் வேலை நடந்ததையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.