வகுப்பைக் கலைத்தார்கள், வாசிப்பு வந்தது!

2013-14. உத்தரப்பிரதேசத்துக் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகக் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! யார் எந்த வகுப்பு என்ற பேச்சே இல்லை. யாருக்கு எதுவரை வாசிக்க வரும் என்பது மட்டும்தான் கணக்கு. 'பிரதம்' தொண்டு நிறுவனத்தின் கற்றல் முகாம் இது. வாருங்கள், ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம்.

முதலில் பிள்ளையின் கையில் ஒரு தாள். ஒரே ஒரு தாள்தான்! அதில் எழுத்துகள், சொற்கள், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. எடுத்த எடுப்பில் காட்டுவது பத்தியை. சரளமாக வாசித்தால் கதைக்குப் போகலாம். திணறினால் சொற்களுக்கு இறங்கலாம். ஐந்து சொல்லில் நான்கு சரியாக வந்தால் 'சொல்' குழு, வராவிட்டால் எழுத்துகள். மதிப்பெண் இல்லை, ரேங்க் இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு அண்ணனும் மூன்றாம் வகுப்புத் தங்கையும் ஒரே குழுவில் உட்காரலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான்!

பிறகு தினமும் மொழிக்கு ஒன்றரை மணி நேரம், கணக்குக்கு ஒன்றரை மணி நேரம். பத்து அல்லது இருபது நாள் முகாம், இடைவெளி, மறுபடி முகாம். ஆண்டு முழுவதும் கூட்டினாலும் ஐம்பது நாள்தான்.

பலன்? முகாம் நடந்த பள்ளிகளில் பத்தியோ கதையோ வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டு முடிவில் 49 சதவீதம். முகாம் இல்லாத பள்ளிகளில் 24. குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து, பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் அளந்த கணக்கு இது. துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லையா?

திரைக்குப் பின்னால் இன்னொரு கதை உண்டு. இதற்குச் சில ஆண்டுகள் முன்பு பீகாரில் அரசு ஆசிரியர்களுக்கு இதே முறையில் பயிற்சியும் புத்தகமும் கொடுத்தார்கள். பள்ளி நாள்களில் பிள்ளைகளின் வாசிப்பில் அசைவே இல்லை. அதே பீகாரில் அரசு ஆசிரியர்களே நடத்திய கோடை முகாமில் பிள்ளைகள் முன்னேறினார்கள்! ஆசிரியருக்குத் தெரியாமல் இல்லை. பாடத்திட்டத்தை முடிக்கிற ஓட்டத்தில் இதற்கு நேரமே கிடைக்கவில்லை. ஹரியானாவில் 2012-13இல் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தார்கள். அரசு ஆசிரியர்களே கற்பித்தார்கள். வாசிப்பு உயர்ந்தது!

தமிழ்நாட்டில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிற அம்மாக்களே, அப்பாக்களே! உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று கேளுங்கள். நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் நேரம் தினமும் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.