கழல மறுக்கும் எண்ணெய் வடிகட்டி

மோட்டார் வண்டி வைத்திருப்போரிற் பலர், எண்ணெய் மாற்றும் வேலையைத் தம் கையாலேயே செய்துவிடலாம் என்ற துணிவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியின் கீழே படுப்பதுண்டு. பழைய எண்ணெய் ஒழுகி முடியும் வரையில் எல்லாம் நன்றாகவே நடக்கும். அடுத்து வடிகட்டியைக் கழற்றவேண்டும். கையாற் பற்றித் திருகினால் அது அசையாது; துணியைச் சுற்றித் திருகினாலும் அசையாது. நானும் ஒருமுறை இவ்வாறு அரை மணி நேரம் போராடினேன். பின்னர்தான் உண்மை விளங்கிற்று: நான் அதனைக் கழற்றவில்லை, மேலும் இறுக்கிக்கொண்டிருந்தேன்! நேயர்கள் அத்தகைய இடர்ப்பாட்டுக்கு ஆளாகாதிருக்கும் பொருட்டு, இந்தச் சிறு பொருளைப்பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

கராஜுகளில் ‘ஒயில் பில்ற்றர்’ என்று வழங்குவதையே எண்ணெய் வடிகட்டி என்கிறோம். பொறி இயங்கும்போது அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று உராய்வதால் நுண்ணிய உலோகத் துகள்கள் உண்டாகின்றன. எரிபொருள் எரிவதாற் கரியும் சேருகின்றது. இவை எண்ணெயோடு கலந்து சுற்றினால், அந்த எண்ணெயே அரத்தாள் போல உறுப்புகளைத் தேய்த்துவிடும். ஆகவே பம்பினால் உந்தப்படும் எண்ணெய், வடிகட்டியின் விளிம்பை ஒட்டிய சிறு துளைகளின் வழியே உள்ளே புகுந்து, மடிப்பு மடிப்பாக அமைந்த தாளினூடே வடிந்து, நடுத்துளையின் வழியே பொறிக்குத் திரும்புமாறு அமைத்திருக்கின்றார்கள்.

தாள் முற்றாக அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அப்பொழுது ஒரு மாற்றுவழி அடைப்பிதழ் திறந்து, வடிகட்டாத எண்ணெயையே பொறிக்குள் விடும். எண்ணெயே இல்லாமற் போவதிலும் அழுக்கு எண்ணெய் மேல் என்பதே இந்த ஏற்பாட்டின் கருத்து. ஆனால் வண்டி வழக்கம்போல ஓடுவதால் உரிமையாளருக்கு ஒன்றும் தெரியவராது. வடிகட்டியை மாற்றும் நாளும் தள்ளிப்போகும். நாள் தள்ளத் தள்ள அது மேலும் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏர்னஸ்ற் சுவீற்லண்ட் என்பவர் ‘புயூரோலேற்றர்’ என்ற வடிகட்டியை உருவாக்கினார். நம் நாட்டு வீதிகளிற் பல்லாண்டுகள் ஓடிய மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளில், ஓர் உலோகக் கிண்ணத்துள் வடிதாளை வைத்து, நடுவே நீண்ட போல்ட் ஒன்றினால் இறுக்கியிருப்பார்கள். அதனைக் கழற்ற ஒரு ஸ்பனர் போதும். 1950களின் நடுப்பகுதியிலிருந்து, தகரக் குவளை போன்று முழுவதுமாகத் திருகிப் பூட்டி, முழுவதுமாகவே எறிந்துவிடும் வடிகட்டி பரவலாயிற்று. வேலை எளிதாயிற்று, ஆனால் ஸ்பனர் பிடிக்க இடமில்லாத ஒரு வழுவழுப்பான குவளையும் நம் கைக்கு வந்து சேர்ந்தது. இன்றைய புதிய வண்டிகள் சிலவற்றிற் பழைய முறையே, பிளாஸ்ரிக் மூடியோடு மீண்டும் வந்திருக்கின்றது. இங்கே நாம் பேசுவது அந்தத் தகரக் குவளையைப் பற்றியே.

அது ஏன் கழல மறுக்கின்றது? குவளையின் வாயில் ஒரு றப்பர் வளையம் உண்டு. அதுவே பொறியின் உலோகப் பரப்போடு அழுந்தி எண்ணெயைக் கசியாமற் காக்கின்றது. பூட்டும்போது அவ்வளையத்தில் எண்ணெய் பூசாது உலர்ந்தபடியே பூட்டினால், பல மாத வெப்பத்தில் அது உலோகத்தோடு ஒட்டிப்போகும். இஃது ஒரு காரணம். கசிந்துவிடுமோ என்ற அச்சத்தினால் கருவி கொண்டு மிகையாக இறுக்குவது மற்றொன்று. உரிய காலத்தில் மாற்றாமையால் றப்பர் கடினப்பட்டுப்போவது மூன்றாவது. இம்மூன்றும் சென்றமுறை பூட்டியவரும் வண்டிக்காரரும் செய்த பிழைகளே என்பதைக் கவனியுங்கள். இன்று படும் தொல்லை அன்றே வித்திடப்பட்டது.

இனி, கழற்றும் முறைக்கு வருவோம். முதலாவது, திசை. வடிகட்டியின் மூடிய அடிப்புறத்தை நேரே பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்பவேண்டும். தலைகீழாகத் தொங்கும் வடிகட்டியை மேலிருந்து எட்டிப் பற்றுவோர்க்கு இத்திசை மாறித் தோன்றும். எனக்கு நேர்ந்ததும் அதுவே.

இரண்டாவது, ஒழுங்கு. பழைய எண்ணெயை வடிப்பதற்கு முன்னரே வடிகட்டியைச் சற்று இளக்கிப் பாருங்கள். அது இளகாவிட்டால், எண்ணெய் இருக்கும் வண்டியைக் கராஜுக்கு ஓட்டிச் செல்லலாம். எண்ணெயை வடித்த பின்னர் அந்த வாய்ப்பு இல்லை. இளகினாலோ, மேலும் திருகாமல் நிறுத்தி, எண்ணெயை வடித்த பின்னர் முழுவதும் கழற்றலாம்.

மூன்றாவது, உயிர்க்காப்பு. ஜக் ஒன்றை மட்டும் நம்பி வண்டியின் கீழே தலையை நீட்டலாகாது. சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, உறுதியான உருக்குத் தாங்கிகளின்மேல் வண்டியை இருத்துங்கள். பொறி இளஞ்சூடாக இருப்பது நன்று. ஓடிவந்த வண்டியாயின் ஆறவிடுங்கள். கொதிக்கும் எண்ணெயும், அருகே செல்லும் புகைக்குழாயும் கையைப் பொசுக்கிவிடும்.

வழுக்குவதே கையின் முதற் பகை. ஆதலால் குவளையிற் படிந்த எண்ணெயைப் பழந்துணியால் நன்கு துடையுங்கள். றப்பர்க் கையுறை அணிந்தோ, அரத்தாளைச் சொரசொரப்பான பக்கம் குவளையிற் படுமாறு சுற்றியோ திருகிப் பாருங்கள். பல வடிகட்டிகள் இவ்வளவிலேயே பணிந்துவிடும்.

பணியாதவற்றுக்கு நெம்புகோலின் துணை வேண்டும். ஏழரைச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள வடிகட்டியைக் கையாற் பற்றும்போது, நடுவிலிருந்து 3.75 சென்ரிமீற்றர் தூரத்திலேயே நம் விசை தொழிற்படுகின்றது. பட்டியோ சங்கிலியோ பொருத்திய கழற்றியின் பிடி, நடுவிலிருந்து 22.5 சென்ரிமீற்றர் நீண்டிருந்தால், அதே விசை ஆறு மடங்கு பயன் தரும். இக்கருவி உதிரிப்பாகக் கடைகளிற் கிடைக்கும். குவளையின் அடிப்புறத்திற் தொப்பிபோலப் பொருந்தும் வகையும் உண்டு. எதுவாயினும் வடிகட்டியின் அளவுக்குப் பொருந்தவேண்டும். பட்டியைக் குவளையின் நடுவிற் போடாது, பொறியை ஒட்டிய விளிம்பின் அருகே போடுங்கள். நடுப்பகுதி மெல்லிய தகடு; நசுங்கிவிடும். விளிம்பினுள்ளே தடித்த அடித்தட்டு உண்டு, அது தாங்கும். ஒரேயடியாக வெட்டி இழுக்காமல், சீராக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு செல்லுங்கள். ஒட்டியிருந்த றப்பர் விடுபட்டவுடன் மற்றது கையாலேயே கழலும்.

குவளையைத் திருப்புளியாற் குத்தித் துளைத்து, அதையே பிடியாகக் கொண்டு திருப்பும் வழக்கம் கராஜுகளில் உண்டு. இஃது இறுதி வழி, முதல் வழியன்று. துளை விழுந்த வடிகட்டியோடு பொறியை இயக்கலாகாது. ஆகவே புதிய வடிகட்டி கையில் இல்லாமல் இதனைச் செய்யவேண்டாம். குத்துவதாயின் பொறியை விட்டு விலகிய பகுதியிற் குத்துங்கள். உள்ளே திருகுமரையுள்ள குழாய்க்கு ஊறு நேரலாகாது. சில வேளை தகடு கிழிந்து, அடித்தட்டு மட்டும் பொறியில் எஞ்சும். அப்பொழுதும் மனந்தளர வேண்டியதில்லை. அத்தட்டின் விளிம்பில் மழுங்கிய உளியை வைத்து, இடஞ்சுழியாகச் சிறிது சிறிதாகத் தட்டினால் அதுவும் இளகும். பொறியின் உலோகப் பரப்பிற் கீறல் விழாமற் பார்த்துக்கொள்ளுங்கள். நெருப்புக் காட்டி இளக்க முயல்வது மட்டும் ஒருபோதும் கூடாது.

வடிகட்டி கழன்றதும் மகிழ்ச்சியிற் பலர் ஒன்றை மறந்துவிடுகின்றார்கள். இன்றைய பேச்சில் நேயர்கள் ஒன்றையே நினைவிற் கொள்வதாயின், அஃது இதுவாகட்டும்: கழன்ற வடிகட்டியின் வாயைத் திருப்பி, றப்பர் வளையம் அதிலேயே இருக்கின்றதா என்று பாருங்கள். ஒட்டிப்போன வளையம் சில வேளை பொறியிலேயே தங்கிவிடும். கரிய எண்ணெய்ப் படலத்திடையே கரிய றப்பர் கண்ணுக்குப் புலப்படாது. விரலால் தடவியே அறியவேண்டும். அதன்மேலேயே புதிய வடிகட்டியைப் பூட்டினால், இரு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமரும். முற்றத்தில் வண்டி நின்றபடி இயங்கும்போது கசிவு தோன்றாதிருக்கலாம். வீதியில் வேகங்கூடி, எண்ணெயின் அமுக்கமும் கூடும்போது வளையம் பிதுங்கி, சில நிமிடங்களிலே எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடும். அபாய விளக்கைக் கண்டு சாரதி நிறுத்துவதற்குள் பொறி இறுகிப்போகக்கூடும். வாடகைக்கு வான் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவருக்கு, ஒரு றப்பர் வளையத்தால் வரும் இழப்பு எத்துணைப் பெரிது!

ஆகையால் பரப்பைத் துடைத்துத் தூய்மையாக்குங்கள். நடுக்குழாய் பழைய வடிகட்டியோடு கழன்று வந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். புதிய வளையத்தில் விரலால் புத்தெண்ணெய் பூசுங்கள். கையாலே திருகி, வளையம் பரப்பைத் தொட்ட பின்னர், பெரும்பாலான வடிகட்டிகளுக்கு மேலும் முக்காற் சுற்று இறுக்கினாற் போதும். குவளையின்மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதனையே கைக்கொள்ளுங்கள். இறுக்குவதற்குக் கருவி வேண்டாம். எண்ணெய் ஊற்றிய பின் பொறியை இயக்கி, எண்ணெய் விளக்கு அணைகின்றதா என்றும், கசிவு உண்டா என்றும் பாருங்கள். பின்பு நிறுத்தி, சிறிது நேரங்கழித்து அளவுகோலில் எண்ணெய் மட்டத்தைச் சரிபாருங்கள்.

வடித்த எண்ணெயை வேலியோரத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே கிணற்றைத் தேடிச் செல்லும். மூடியுள்ள கலத்திற் சேர்த்து, பழைய எண்ணெயைப் பெற்றுக்கொள்ளும் சேவை நிலையத்தில் ஒப்படையுங்கள்.

இனி ஒருநாள் அந்த வடிகட்டியை வேறொருவர் கழற்ற நேரலாம். வழுக்காமற் துடைத்த கையால் ஒருமுறை திருப்பியதும் அது இளகிவிட்டால், அவர் உங்கள் பெயரை அறியமாட்டார். ஆனால் பூட்டிய கை வேலை தெரிந்த கை என்று சொல்லிக்கொள்வார்.