அடிபட்ட இலையும் ஒளிரும்

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பதே வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பாக் விரிகுடாவை ஒட்டி நீளும் கரை அது. நிலவில்லாத இரவில் வலை இழுக்கும்போதும் துடுப்பு போடும்போதும் நீரில் நீலப் பொறி தெறிப்பது கடல் தொழிலாளர்களுக்குப் புதிதல்ல. சென்னைவாசிகளுக்கோ அது 2019 ஆகஸ்ட் 18 இரவு பெருஞ்செய்தியானது. திருவான்மியூர் கரையில் அலைகள் நீலமாக உடைந்தன. கரையெங்கும் செல்பேசிகள் உயர்ந்தன.

காரணம் நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. நன்றாக வளர்ந்தால் ஒரு மில்லிமீட்டரைத் தொடும். அமைதியான நீரில் அது இருட்டாகவே கிடக்கும். அலையோ துடுப்போ மீனோ உரசி அதன் சவ்வு நெளிந்தால்தான் ஒளி வரும். நெளிந்ததும் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது. உள்ளிருக்கும் அமிலக் குமிழியிலிருந்து புரோட்டான்கள் நுண்பைகளுக்குள் பாய்கின்றன. அந்த அமிலத்தன்மையில் லூசிஃபெரேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கி, லூசிஃபெரின் என்ற பொருளை ஆக்சிஜனோடு சேர்க்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒரு நீல மின்னல், அவ்வளவுதான். புரோட்டான்கள் செல்ல இப்படியொரு வாயில் இருந்தாக வேண்டும் என்று ஃபோகலும் ஹேஸ்டிங்ஸும் 1972-இல் கணித்தது இவ்வகை ஒளிரும் கடல் உயிரிகளை வைத்துத்தான். பின்னாளில் அதே வகை வாயில் மனிதச் செல்களிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த ஒளியால் அதற்கு என்ன லாபம்? தன்னைத் தின்ன வரும் பூச்சியளவு உயிரியைக் காட்டிக்கொடுத்து, அதைத் தின்னும் மீனை வரவழைக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

பார்க்க அழகுதான்; ஆனால் அளவு மீறினால் கேடு. 2019 செப்டம்பரில் மண்டபம் பகுதியில் மன்னார் வளைகுடா பச்சையாக மாறியது. மீனவர்கள் அதைப் பூங்கோரை என்றார்கள். வெப்பக் கடல் நாக்டிலூகா பச்சைப் பாசியைத் தன் உடலுக்குள்ளேயே குடிவைத்திருக்கும். அந்த நிறம்தான் கடலில் தெரிந்தது. அது பெருகி, மடிந்து, அழுகியதில் நீரிலிருந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. மீன்கள் செத்து ஒதுங்கின. சிங்கில் தீவை ஒட்டிய பவளங்களும் மடிந்தன.

நாக்டிலூகாவிடம் ஒளிக்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. அப்படி எந்த ஏற்பாடும் இல்லாமல் ஒளிரும் உயிர்களும் உண்டு. செடி, எலி, மனிதர் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். செல் ஆக்சிஜனைக் கையாளும்போது, அதிலிருந்து பிறக்கும் சில வீரியமான மூலக்கூறுகள் கட்டுமீறிக் கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகின்றன. அதில் கிளர்ச்சியுற்ற மூலக்கூறு பழைய நிலைக்குத் திரும்பும்போது எப்போதாவது ஓர் ஒளித்துகளை உமிழ்கிறது. ஜப்பானில் மசாகி கோபயாஷி குழு 2009-இல் மனித உடலையே இப்படிப் படமெடுத்தது. கண்ணுக்கு எட்டக்கூடிய ஒளியைவிட ஆயிரம் மடங்கு மங்கலான வெளிச்சம். முகத்தில் கூடுதல், பிற்பகலில் உச்சம். ‘ஆரா’ படம் எடுத்துத் தருகிறோம் என்று காசு வாங்குபவர்களின் வண்ணப் படங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உயிருக்கு நெருக்கடி வந்தால் இந்த ஒளி கூடும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட படங்களில், வெட்டுப்பட்ட இலையின் காயம் சுற்றியுள்ள பகுதியைவிடப் பிரகாசமாகத் தெரிந்தது. காயத்தில் பென்சோகைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தடவியபோது ஒளி இன்னும் எகிறியது. எலிகளை உயிரோடும் இறந்த பிறகும் படமெடுத்தார்கள். உடல் வெப்பம் குறையாமல் பார்த்துக்கொண்டும், இறந்த உடலில் ஒளி பெருமளவு மங்கிவிட்டது.

புதுக்கோட்டைக்கு இன்னும் நெருக்கமான சோதனை தட்டைப்பயறில் நடந்தது. தேமல் வைரஸ் ஒன்று இலைக்குள் புகுந்ததும், தட்டைப்பயறு தன் செல்கள் சிலவற்றைத் தானே சாகவிட்டு நோயை அங்கேயே முடக்கப் பார்க்கும். அந்தச் சண்டை ஒளியாக வெளிப்படுவதை கோபயாஷி குழு 2007-இல் பதிவுசெய்தது. ஆலங்குடிக்குப் பக்கத்தில் வம்பனில் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் உளுந்து ரகங்கள் அங்கிருந்துதான் வம்பன் என்ற பெயரோடு வயலுக்கு வருகின்றன. நோயோடு செடி போராடுவதை இலையைத் தொடாமலே காட்டும் கருவி இப்படிப்பட்ட ரகத் தேர்வுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

ஆனால் அந்தக் கருவி இருட்டறையை விட்டு வெளியே வர முடியாது. வெயிலில் நின்ற இலை, இருட்டுக்குள் கொண்டுபோன பிறகும் வாங்கிய ஒளியைச் சற்று நேரம் திருப்பி உமிழ்ந்துகொண்டே இருக்கும். அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். கேமராவின் உணரியை உறைநிலைக்கு வெகு கீழே குளிர்விக்க வேண்டும். திறந்த வயலிலோ நட்சத்திர வெளிச்சமே இலையின் ஒளியை மூழ்கடித்துவிடும். அதனால் ஆலங்குடிப் பக்கத்து உழவர் இப்போதும் மஞ்சள் விழுந்த செடியைக் கண்ணால் பார்த்துத்தான் பிடுங்கிப் போடுகிறார். நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கிறார்.